ஒரு சொல்லைச் சட்டத்தால் காக்க முடியுமா? வன்னியில் தொழில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

பரந்தன் சந்தியிலோ புதுக்குடியிருப்புச் சந்தையிலோ விற்பனைக்கு இருக்கும் மிளகாய்த்தூள், ஒடியல் மா, தேன், கருவாடு ஆகியவற்றின் பக்கற்றுகளில், பெரும்பாலும் ஒரு பெயரும் அதன் கீழே ஒரு சிறு வாசகமும் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைத் தயாரிப்போர், சரக்கு கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெயரை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தாமல் தடுப்பது எப்படி? பாட்டு எழுதுவோரும், யூடியூப் அலைவரிசை நடத்துவோரும், தையற்கடை திறப்போரும் இதையே கேட்கின்றனர். தமிழில் இதற்குக் கிடைக்கும் விடைகளில் பல, பதிப்புரிமையையும் வர்த்தகக் குறியையும் வியாபாரப் பெயர்ப் பதிவையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சொல்லை வெறும் சொல்லாக எவரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு சொல், குறிப்பிட்ட ஒரு சரக்கை அல்லது சேவையை யார் தருகிறார் என்பதை வாங்குவோருக்குக் காட்டும் அடையாளமாக நிற்குமானால், அந்த அடையாளப் பணியின் அளவுக்குச் சட்டம் அதைக் காக்கும். அப்படி அடையாளமாக நிற்பதே வர்த்தகக் குறி, சுருக்கமாகக் குறி. ஆகவே "இந்தச் சொல் என்னுடையதா?" என்று கேட்பதற்கு முன்பு, "இந்தச் சொல்லைக் கொண்டு நான் என்ன செய்கிறேன்?" என்று கேட்பதே சரியான தொடக்கம்.

இலங்கையில் இந்த விடயங்களை ஆள்வது 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். அதை நிறைவேற்றும் பொறுப்பு, கொழும்பு 10, டி.ஆர். விஜயவர்தன மாவத்தையில் இயங்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திடம் உள்ளது. வன்னியின் எந்த மூலையில் இருந்தாலும் குறிப் பதிவுக்கு நாடவேண்டிய அலுவலகம் இதுவே.

முதற்படி: பதிப்புரிமை என்ற கதவைச் சோதித்து மூடுதல்

ஒரு கடையின் விளம்பர வாசகத்துக்குக் கீழே "பதிப்புரிமை பெற்றது" என்று அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வரி ஏறக்குறைய எப்போதும் பயனற்றது. இலங்கையில் பதிப்புரிமை பெறுவதற்குப் பதிவு என்ற ஒன்றே தேவையில்லை. சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, மூலத்தன்மை உடைய ஒரு படைப்பு உருவான கணத்திலிருந்தே பாதுகாப்புப் பெறுகிறது, படைப்பாளர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பொருளியல் உரிமைகள் நீடிக்கின்றன. ஆனால் இந்தத் தாராளம், உண்மையான ஒரு படைப்பு இருக்கும் இடத்தில் மட்டுமே செல்லும். எண்ணம், முறை, கருத்து, வெறும் தரவு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று 8-ஆம் பிரிவு கூறுகிறது. "தனிச்சொல்", "குறுந்தொடர்" என்று பெயர் சொல்லி விலக்கும் வரி எமது சட்டத்தில் இல்லை என்றாலும், ஒரு சொல்லிலோ மூன்று சொற்களிலோ படைப்பாளரின் சொந்த அறிவுழைப்பு வெளிப்படுவதற்குப் போதிய இடம் இருப்பதில்லை என்பதால் முடிவு அதேதான். அமெரிக்காவின் பதிப்புரிமை விதிகள் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகின்றன: பெயர்கள், தலைப்புகள், முழக்கங்கள் போன்ற சொற்களும் குறுந்தொடர்களும் பதிப்புரிமைக்கு உரியன அல்ல.

இதை நன்கு விளக்குவது, இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1981-இல் தீர்த்த எக்சொன் வழக்கு. அந்த எண்ணெய் நிறுவனம், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சொல்லைத் தேடி, நீண்ட ஆய்வுக்குப் பின்னரே "எக்சொன்" என்ற பெயரைத் தெரிந்தெடுத்திருந்தது. காப்புறுதி ஆலோசனை நிறுவனமொன்று அதே பெயரைச் சூடிக்கொண்டபோது, அந்தச் சொல்லே தனது இலக்கியப் படைப்பு என்று எண்ணெய் நிறுவனம் வாதிட்டது. அச்சொல் புதியது, உழைத்து உருவாக்கப்பட்டது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும் தகவலோ அறிவுறுத்தலோ இன்பமோ தராத தனிச்சொல் ஒன்று இலக்கியப் படைப்பாகாது என்று பதிப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. இதில் கவனிக்கவேண்டியது, அதே நிறுவனம் தனது பெயரின் நற்பெயரைப் பிறர் தமதாகக் காட்டிக்கொள்வதைத் தடுக்கும் கோரிக்கையில் வெற்றிபெற்றிருந்தது என்பதாகும். அத்தனை பணமும் அறிஞர் குழுவும் இருந்த நிறுவனத்துக்கே பதிப்புரிமை வழி அடைபட்டது என்றால், மூன்று நாள் யோசித்து வைத்த பெயருக்கு அந்த வழியில் நம்பிக்கை வைக்க இடமில்லை.

தலைப்புகளின் நிலையும் இதுவே. திரைப்படத் தலைப்பு ஒன்றைப் பற்றிய வழக்கில், வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. இந்தியத் தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் இத்தகைய கேள்விகளில் எமது சட்டத்தரணிகள் எடுத்துக்காட்டும் திசை அதுதான்.

குறுமை மட்டுமே குற்றம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஏழு சீர்களில் ஒரு குறள் முழுமையான படைப்பாக நிற்பதைத் தமிழர்க்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. திருக்குறள் எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து. ஆனால் இன்று வாழும் ஒருவர் அதே அளவில் புதிதாக ஒரு வெண்பா எழுதினால், அது அவருடைய படைப்பு என்று வாதிட நல்ல இடமுண்டு. ஐரோப்பிய நீதிமன்றம் 2009-இல், டென்மார்க்கின் செய்தித்தாள்களிலிருந்து பதினொரு சொற்கள் கொண்ட துண்டுகளை எடுத்துத் தொகுத்த இன்போபாக் என்ற நிறுவனம் பற்றிய வழக்கில், அந்தப் பதினொரு சொற்களும் எழுதியவரின் சொந்த அறிவுப் படைப்பை வெளிப்படுத்துமானால் அத்துண்டும் பாதுகாப்புக்கு உரியது என்றது. அதே தீர்ப்பு, சொற்களைத் தனித்தனியே எடுத்தால் அவை பாதுகாக்கப்படுவதில்லை என்றும் தெளிவாகச் சொன்னது. ஆகவே உங்களுடைய இரண்டடிக் கவிதையை ஒருவர் ரீசேட்டில் அச்சிட்டு விற்றால் பதிப்புரிமையைப் பற்றிச் சட்டத்தரணியிடம் பேசலாம்; உங்கள் கடைப்பெயரை எடுத்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

பெயரை ஒரு தாளில் எழுதித் தமக்குத் தாமே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் உரிமை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் எமது பகுதியில் உலவுகிறது. ஒரு நாளில் அந்தத் தாள் இருந்தது என்பதற்கு அந்த உறை ஓரளவு சான்றாகலாம். இல்லாத உரிமையை அது உண்டாக்காது.

இரண்டாம் படி: பிரதேச செயலகப் பதிவு எதைத் தருகிறது என்பதை அறிதல்

தொழில் தொடங்குவோர் பலரும் முதலில் செய்வது, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவதாகும். வங்கிக் கணக்குத் திறப்பதற்கும் கடன் கேட்பதற்கும் இது வேண்டும். செய்யாமல் விடக் கூடாது. ஆனால் இந்தச் சான்றிதழ், இந்தப் பெயரில் இன்னார் வியாபாரம் நடத்துகிறார் என்பதைப் பதிவேட்டில் காட்டுவதே தவிர, அந்தப் பெயரைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கும் தனியுரிமையைத் தருவதில்லை. துணுக்காயில் பதிந்த பெயரில் வவுனியாவில் இன்னொருவர் பதிவு பெற்றிருக்கலாம். இருவரிடமும் சுவரில் தொங்கும் சான்றிதழ் இருக்கும். 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் நிறுவனமாகப் பதிந்தால், அதே பெயரில் இன்னொரு நிறுவனம் பதிவாவது தடைப்படும். ஆனால் அந்தப் பெயரை ஒருவர் பக்கற்றில் அச்சிடுவதை அப்பதிவு மட்டுமே தடுத்துவிடாது.

புலமைச் சொத்துச் சட்டம், வியாபாரப் பெயருக்குப் பதிவு இல்லாமலேயே ஓரளவு பாதுகாப்புத் தருகிறது: மக்களைக் குழப்பும் வகையில் இன்னொருவர் அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். அதன் 160-ஆம் பிரிவு, நேர்மையான வணிக நடைமுறைக்கு மாறான போட்டியைத் தடுக்கிறது. இவ்விரண்டும் பெறுமதியானவை. ஆனால் உங்கள் பெயரை மக்கள் ஏற்கெனவே அறிந்திருக்கின்றனர் என்பதையும், குழப்பம் ஏற்படுகிறது என்பதையும் நீங்களே சான்றுகளோடு நிறுவவேண்டிய சுமை இதில் இருக்கிறது. வர்த்தகக் குறியைப் பதிவதன் பெரும் நன்மை, இந்தச் சுமையின் பெரும்பகுதியை இறக்கிவைப்பதே.

மூன்றாம் படி: பதிவு பெறக்கூடிய பெயரைத் தெரிந்தெடுத்தல்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. பணச் செலவு இல்லாமல் செய்யக்கூடிய படியும் இதுவே. ஆனால் பெரும்பாலானோர் இதைத் தாண்டி ஓடிவிடுகின்றனர். லேபிள் அச்சிட்டு, பெயர்ப்பலகை மாட்டி, இரண்டாண்டு விற்றபின், அந்தப் பெயர் பதிவுக்கு ஏற்றதன்று என்று அறிவது எவ்வளவு நட்டமென்று சொல்லத் தேவையில்லை.

சட்டத்தின் 103-ஆம் பிரிவு, எந்தக் குறிகளைப் பதிய முடியாது என்று பட்டியலிடுகிறது. சரக்கின் வகை, தரம், அளவு, பயன், பெறுமதி, தோற்ற இடம், தயாரித்த காலம் ஆகியவற்றை மட்டுமே சொல்லும் சொற்கள் அதில் முதன்மையானவை. பூநகரியில் விளையும் மொட்டைக்கறுப்பன் அரிசியைப் பக்கற்றில் அடைத்து விற்க விரும்பும் ஒருவர், "பூநகரி மொட்டைக்கறுப்பன்" என்பதைத் தமது குறியாகப் பதிய நினைப்பது இயல்பு. ஆனால் பூநகரி என்பது தோற்ற இடம். மொட்டைக்கறுப்பன் என்பது நெல்லினத்தின் பெயர். இரண்டையும் சேர்த்தால் சரக்கின் விபரம் கிடைக்கிறதே அன்றி, விற்பவர் யாரென்ற அடையாளம் கிடைப்பதில்லை. ஒருவருக்கு அதைத் தனியுரிமையாகக் கொடுத்துவிட்டால், அந்த நெல்லை விதைக்கும் ஏனைய பூநகரி விவசாயிகள் தமது அரிசியை எந்தப் பெயரால் சந்தைக்குக் கொண்டுபோவது? சட்டம் இங்கே கடுமையாக நிற்பது நியாயமே என்பது என் கருத்து.

"வன்னித் தேன்", "முல்லைத்தீவுக் கருவாடு", "இரணைமடு அரிசி" ஆகியனவும் இதே காரணத்தால் தடுக்கிவிழும். "தூய", "அசல்", "நாட்டு", "அம்மாவின் கைப்பக்குவம்" போன்றவை தரத்தைப் புகழும் சொற்களாதலால், தனியே நின்று அடையாளமாகமாட்டா. வளர்ப்புப் பெட்டியில் எடுத்த தேனுக்குக் "காட்டுத் தேன்" என்று பெயரிட்டால், அது விபரிக்கும் சொல் என்பதோடு, வாங்குவோரைப் பிழையாக வழிநடத்தும் குறி என்ற இன்னொரு தடையும் சேர்ந்துகொள்ளும். சாதாரண பொருளில் ஊர்ப்பெயராகவோ குடும்பப் பெயராகவோ விளங்கும் சொற்களும் தடைக்குட்பட்டவை. ஒரு தனியாளின் பெயரைப் பதிய வேண்டுமானால், அது ஒரு சிறப்பான முறையில் வரையப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரைக் கடைக்கு வைக்கும் எமது வழமையைப் பின்பற்றுவோர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. எந்தச் சமூகத்தினதும் மத, இன உணர்வுகளைப் புண்படுத்தக்கூடிய குறிகளும் ஏற்கப்படமாட்டா. கோயிற் பெயர்களையும் தெய்வப் பெயர்களையும் இறைச்சி, மீன் சரக்குகளுக்குச் சூட்ட எண்ணுவோர் அங்கேயே நிறுத்திக்கொள்வது புத்தி. புண்படுத்தாத இடத்திலும் தெய்வப் பெயருக்கு ஒரு குறை உண்டு: அம்மன், முருகன், துர்க்கா என்ற பெயர்களில் ஏ-9 வீதியில் மட்டும் எத்தனை கடைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பெயரால் எவரும் தம்மைத் தனித்துக் காட்டிக்கொள்ள முடியாது என்பது விளங்கும். கற்சிலைமடுவில் நினைவுக்கல் கொண்ட பண்டாரவன்னியனின் பெயரையும் இப்படித்தான் பார்க்கிறேன். அந்தப் பெயரால் ஏற்கெனவே பலர் தம்மை அழைத்துக்கொள்வதால், ஒரு மா பக்கற்றுக்காக அதை வேலிபோட்டு அடைக்க முயல்வது சட்டத்திலும் எளிதன்று, ஊரிலும் நல்ல பெயர் வாங்கித் தராது.

அப்படியானால் எந்தச் சொல் ஏற்றது? மிக வலுவானது, இதற்கு முன் பொருளே இல்லாத புதுச்சொல். அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் தமது ஒளிப்படக் கருவிக்குச் சூட்டிய "கொடாக்" இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம். அடுத்த நிலையில் நிற்பது, அகராதியில் இருந்தாலும் அந்தச் சரக்கோடு தொடர்பே இல்லாத சொல். "அப்பிள்" என்பது கணினிக்கு நல்ல குறி. பழக்கடைக்காரருக்கு அது குறியே ஆகாது. அதே முறையில் "தும்பி" என்ற பெயரை அரிசிக்கும், "சிச்சிலி" என்ற பெயரைத் தயிருக்கும் வைத்தால், அவை சரக்கின் எந்தக் குணத்தையும் சொல்லாததால் அடையாளமாக நிற்கக்கூடியவை. (இவற்றை உதாரணத்துக்காகச் சொல்கிறேன், தேடிப் பார்க்காமல் எடுத்துவிட வேண்டாம்.) மூன்றாவது, சரக்கின் குணத்தை நேரே சொல்லாமல் சிறிது யோசிக்கவைத்துக் குறிப்பாலுணர்த்தும் சொல், கடலில் மீனைக் கொத்தும் ஆலாப் பறவையின் பெயரைக் கருவாட்டுக்கு வைப்பது அத்தகையது. விற்பனைக்கு எளிது என்று விபரிக்கும் பெயரையே வியாபாரிகள் நாடுகின்றனர். பாதுகாப்புக்கு அதுவே மிக மெலிந்தது.

விபரிக்கும் சொல்லுக்கு நிரந்தரமாகக் கதவடைப்பு என்றும் இல்லை. நீண்டகாலம் தொடர்ந்து ஒருவரே பயன்படுத்தியதால், அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மக்கள் அவருடைய சரக்கையே நினைக்கும் நிலை ஏற்பட்டிருந்தால், பயன்பாட்டின் காலஅளவு உட்பட்ட சூழ்நிலைகளைப் புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகம் கருத்திற்கொள்ள முடியும். புதிதாகத் தொடங்குவோருக்கு இந்த விதியால் இன்று பயனில்லை.

மறுபுறம், நல்ல குறியும் பிற்காலத்தில் கெட்டுப்போகலாம். "அஸ்பிரின்" ஒரு மருந்து நிறுவனத்தின் குறியாக இருந்தது. அமெரிக்காவில் மக்கள் அந்தச் சொல்லால் மருந்தையே அழைக்கத் தொடங்கியதால், 1921-இல் அங்குள்ள நீதிமன்றம் அதைப் பொதுச்சொல்லாகக் கண்டது. உங்கள் பெயரை அடைமொழியாகவே எழுதுங்கள்: "தும்பி அரிசி" என்று எழுதலாம், "ஒரு கிலோ தும்பி" என்று நீங்களே விளம்பரம் செய்யக் கூடாது.

குறுவாசகங்கள்

பெயருக்குக் கீழே இடும் முழக்கமும் குறியாகப் பதிவு பெறலாம். ஜேர்மனியக் கார் நிறுவனமொன்றின் விளம்பர வாசகத்தைப் பற்றிய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் சொன்னது, புகழ்ச்சியாக இருப்பதால் மட்டுமே ஒரு வாசகத்தை மறுக்கக் கூடாது, அதே வேளை அது யாருடைய சரக்கென்பதையும் காட்டவல்லதா என்று பார்க்க வேண்டும் என்பதாகும். "தரமே எமது தாரகமந்திரம்" போன்ற வாசகங்கள் நாட்டில் எல்லாச் சுவர்களிலும் இருப்பதால், அவற்றைப் பதிய முயல்வது கட்டணத்தை வீணாக்குவதே. கையில் இருக்கும் பணம் ஒரு பதிவுக்கு மட்டுமே போதுமானால், வாசகத்தை விட்டுவிட்டுப் பெயரைப் பதியுங்கள். வாசகம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், பெயர் மாறாது.

எவரும் தொடக்கூடாத சில சொற்கள்

சில சொற்களைத் தனிச் சட்டங்கள் முழுமையாகவே ஒதுக்கிவைத்திருக்கின்றன. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, செஞ்சிலுவைச் சின்னத்தை மட்டுமல்லாமல் "செஞ்சிலுவை" என்ற பெயரையும் தனியார் பயன்படுத்துவதை எக்காலத்திலும் தடைசெய்கிறது. வன்னியில் பல ஆண்டுகள் அந்தச் சின்னத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மருந்துக்கடைப் பலகையில் சிவப்புச் சிலுவை இயல்பாகத் தோன்றலாம்; அது சட்டத்துக்கு மாறானது. உரிமம் பெறாத எவரும் தமது நிறுவனப் பெயரில் "வங்கி" என்ற சொல்லை வைத்துக்கொள்ளவும் வங்கித்தொழில் சட்டம் இடம் தராது. தேசியக் கொடி, இலச்சினை ஆகியவற்றையும் குறியில் சேர்க்க முடியாது.

நான்காம் படி: தேடுதல்

தெரிந்தெடுத்த பெயரை முதலில் முகநூலிலும் இணையத்திலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்துகளிலும் தேடுங்கள். கிளிநொச்சிச் சந்தையிலும் வவுனியா மொத்த வியாபாரக் கடைகளிலும் நடந்து பாருங்கள். இணையத்தில் இல்லாத பல சரக்குகள் அங்கே இருக்கும். பின்னர் கட்டணம் செலுத்திப் புலமைச் சொத்து அலுவலகத்தின் பதிவேட்டில் தேடச்செய்யலாம். அச்சொட்டாக அதே சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. இரண்டு குறிகள் ஒத்திருக்கின்றனவா என்பது கண்ணுக்குத் தோன்றும் வடிவம், காதில் விழும் ஒலி, மனத்தில் எழும் பொருள் ஆகிய மூன்றாலும் அளக்கப்படும். தமிழ் எழுத்தில் ஒரு லகரத்தை ளகரமாக மாற்றிவிட்டு வேறு பெயர் என்று வாதிடுவது, கடையில் வாயால் கேட்டு வாங்கும் மக்கள் நடுவே செல்லுபடியாகாது.

ஐந்தாம் படி: வகுப்பைத் தீர்மானித்தல்

குறி, எல்லாச் சரக்குக்கும் பொதுவாகப் பதிவாவதில்லை. நைஸ் வகைப்படுத்தல் என்ற பன்னாட்டு முறைப்படி, சரக்குகளுக்கு 34 வகுப்புகளும் சேவைகளுக்கு 11 வகுப்புகளுமாக மொத்தம் 45 வகுப்புகள் உள்ளன. ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு. வன்னித் தயாரிப்புகளில் பெரும்பாலானவை 29, 30, 31 ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். கருவாடு, தயிர், நெய், சமையல் எண்ணெய், வறுத்த கச்சான் ஆகியவை 29. அரிசி, மா, மிளகாய்த்தூள், தேன், பனங்கட்டி ஆகியவை 30. பதப்படுத்தாத தானியமும் பச்சை மரக்கறியும் பழங்களும் 31. பழச்சாறு 32-இலும், உடுப்பு 25-இலும், உணவகம் 43-இலும், கல்வி நிலையமும் பொழுதுபோக்கு அலைவரிசையும் 41-இலும் வரும். உண்மையில் விற்பதையும் அடுத்த சில ஆண்டுகளில் விற்கத் திட்டமிடுவதையும் மட்டும் சேருங்கள். பதிந்த குறியைத் தகுந்த காரணமின்றித் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால், அதை நீக்கும்படி பிறர் கேட்க முடியும்.

ஆறாம் படி: விண்ணப்பமும் அதன்பின் வரும் காத்திருப்பும்

விண்ணப்பத்தில் குறியின் தெளிவான படி, சரக்குகளின் பட்டியல், விண்ணப்பதாரரின் விபரம் ஆகியவை வேண்டும். தமிழ் எழுத்தில் குறி இருந்தால், அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்தில் எழுதி ஆயத்தமாக வைத்திருப்பது பரிசீலனையை இலகுவாக்கும். அலங்கார எழுத்தும் படமும் சேர்ந்த வடிவத்தைப் பதிவதா, வெறும் சொல்லைப் பதிவதா என்ற கேள்வி இங்கே எழும். சொல் வலுவானதாக இருந்தால் வெறும் எழுத்தில் பதிவதே மேல். அப்போது எந்த வடிவில் எழுதினாலும் அது உங்களுடையது. சொல் மெலிந்ததாக இருந்தால் படத்தோடு சேர்த்தால் பதிவு கிடைக்கலாம். ஆனால் காக்கப்படுவது அந்த முழு வடிவமே, சொல் மட்டுமன்று. சான்றிதழ் கையில் இருக்கிறது என்ற துணிவில் இந்த வேறுபாட்டை மறந்து அயலவரோடு வழக்குக்குப் போவோர் உண்டு.

அலுவலகம் குறியை ஏற்றுக்கொண்டால் வர்த்தமானியில் வெளியிடும். வெளியான நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு இல்லையேல், அல்லது அது தோற்றால், பதிவு நடக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு அது செல்லும். பத்துப் பத்து ஆண்டுகளாக எத்தனை முறையும் புதுப்பிக்கலாம். இவையெல்லாம் முடிய ஆண்டுக்கணக்கில் செல்வது வழமை. அதுவரை பெயரைப் பயன்படுத்தத் தடையில்லை. குறியாக உரிமை கோருவதை உணர்த்த மேலே சிறிதாக டிஎம் என்ற எழுத்துகளை இடலாம். வட்டத்துக்குள் இருக்கும் ஆர் எழுத்தைப் பதிவு முடியும்வரை இடக் கூடாது, பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது குற்றம்.

காத்திருக்கும் காலத்தில் செய்யவேண்டிய வேலை, சான்று சேர்த்தல். முதல் லேபிளின் படி, அச்சகத்தின் பற்றுச்சீட்டு, திகதியிட்ட விற்பனைச் சிட்டைகள், கண்காட்சியில் எடுத்த படங்கள், விளம்பரச் செலவின் கணக்கு ஆகியவற்றை ஒரு கோப்பில் இடுங்கள். வேறொருவர் உங்கள் பெயரை முந்திக்கொண்டு விண்ணப்பித்துவிட்டாலும், நீங்கள் ஏற்கெனவே இலங்கையில் அதே வகைச் சரக்குக்கு அதைப் பயன்படுத்திவந்தீர்கள் என்பதையும் அவர் அதை அறிந்திருந்தார் அல்லது அறியாதிருக்க முடியாது என்பதையும் காட்டினால், அவருடைய பதிவு மறுக்கப்பட இடமுண்டு. ஒரே பிரதேசத்தில் சந்தைக்குச் சந்தை சந்திக்கும் இருவருக்கிடையே இந்த அறிவை நிறுவுவது கடினமன்று. சிட்டைகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எமது சிறு தயாரிப்பாளர்கள் சிட்டை எழுதாமல் விற்கின்றனர் என்பதே இதிலுள்ள மெய்யான இடர்.

சங்கமாக இயங்குவோருக்கு

மாதர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒரே பெயரில் பல வீடுகளிலிருந்து சரக்குச் சேர்த்து விற்கும் இடங்களில், பெயரைத் தலைவியின் சொந்தப் பெயரில் பதிவது பிற்காலப் பிணக்குக்கு வித்திடும். சட்டம் இதற்கெனக் கூட்டுக் குறி என்ற வகையை வைத்திருக்கிறது. சங்கம் உரிமையாளராக இருக்கும், விதிமுறைகளுக்கு அமையும் உறுப்பினர்கள் பயன்படுத்துவர். குறிப்பிட்ட தரத்தைச் சான்றுபடுத்தும் குறி என்ற இன்னொரு வகையும் உண்டு.

ஊர்ப்பெயரே சரக்கின் பெருமை என்னும் இடத்தில், பொருத்தமான வழி புவிசார் குறியீடு. இலங்கைக் கறுவா 2022-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படிப் பதிவானது. அதே ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டம் உள்நாட்டிலும் அத்தகைய பதிவுக்கு வழிசெய்தது. சரக்கின் குணமோ புகழோ அந்த மண்ணோடும் முறையோடும் பிணைந்தது என்பதை நிறுவவேண்டியிருப்பதால், இது தனியொருவர் செய்யும் வேலையன்று. பூநகரி மொட்டைக்கறுப்பனை எவரேனும் காக்க விரும்பினால், அந்த நெல் விதைக்கும் விவசாயிகள் ஒன்றுகூடி இந்த வழியிலேயே முயல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளிநாட்டுக்கு அனுப்புவோருக்கு

இலங்கையில் பெற்ற பதிவு இலங்கைக் கடலோடு முடிந்துவிடும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கு ஒடியலும் மிளகாய்த்தூளும் அனுப்புவோர், அங்கே சரக்கை இறக்குமதி செய்பவரே அந்தப் பெயரைத் தமது பெயரில் அங்கு பதிந்துவிட்டதைப் பிந்தி அறிந்து திகைப்பது உண்டு. இலங்கை, தொழிற்சொத்துப் பாதுகாப்புக்கான பாரிஸ் உடன்படிக்கையில் இருப்பதால், இங்கு முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இன்னோர் உறுப்பு நாட்டில் விண்ணப்பித்தால், இங்குள்ள திகதியையே முன்னுரிமைத் திகதியாகக் கோரலாம். பணம் அதற்குப் போதாவிட்டால், இறக்குமதியாளரோடு செய்யும் எழுத்து ஒப்பந்தத்தில், குறியின் உரிமை தயாரிப்பாளருக்கே என்ற ஒரு வாசகத்தையாவது சேர்த்துக் கையொப்பம் வாங்குங்கள்.

மிரட்டல் கடிதம் வந்தால்

"எமது கட்சிக்காரரின் பதிவுபெற்ற பெயரை நீங்கள் பயன்படுத்துகின்றீர்கள்" என்று ஒரு சட்டத்தரணியின் கடிதம் வந்தால், அன்றைக்கே பலகையைக் கழற்றவும் வேண்டாம், கடிதத்தைக் கிழிக்கவும் வேண்டாம். கடிதத்தில் பதிவிலக்கமும் வகுப்பும் தரப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விண்ணப்பித்த நிலையிலேயே பதிவு பெற்றதாக எழுதுவோர் உண்டு. பதிவான வகுப்பு உங்கள் சரக்கைத் தொடுகிறதா, பதிவானது வெறும் சொல்லா அல்லது படத்தோடு சேர்ந்த வடிவமா, அவர்கள் விண்ணப்பித்த திகதிக்கு முன்பே நீங்கள் அந்தப் பெயரில் விற்றதற்குச் சிட்டை இருக்கிறதா என்பவற்றை வரிசையாகச் சரிபாருங்கள். எவர் எதைப் பதிந்திருந்தாலும், உங்கள் சொந்தப் பெயரையும் முகவரியையும், சரக்கின் வகை, தரம், தோற்ற இடம் ஆகியவற்றையும் நேர்மையாகத் தகவலுக்காக மட்டும் குறிப்பிடுவதை அவர் தடுக்க முடியாது. ஆகவே பக்கற்றின் பின்புறத்தில் "பூநகரியில் விளைந்த மொட்டைக்கறுப்பன் அரிசி" என்று எழுத எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்த விபரங்களையும் சிட்டைக் கோப்பையும் எடுத்துக்கொண்டு, கடிதத்தில் குறித்த தவணைக்கு முன்னரே, இத்துறையில் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணியிடம் செல்லுங்கள். இத்தகைய உரிமையியல் வழக்குகள் ஊர் நீதிமன்றத்தில் அன்றிக் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுவதால், போய்வரும் செலவையும் அவரிடம் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.